நஞ்சுக்கொடியை ஆலமரத்தில் கட்டாதீர்கள்

பாகூர் பக்கமானாலும் குறிஞ்சிப்பாடி பக்கமானாலும், ஏழு மாதச் சினையில் மாடு கன்று வீசினால், அதாவது குறைமாதத்தில் கரு கலைந்தால், நடப்பது ஒன்றுதான். வெறுங்கையால் கன்றை இழுத்துப் போடுகிறார்கள். நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுகிறார்கள். காக்கை கொத்துகிறது, கீழே விழுந்ததை நாய் அடுத்த தெருவுக்கு இழுத்துப் போகிறது. சில வாரம் கழித்து அந்த வீட்டில் ஒருவர் மாலைக் காய்ச்சலுக்கு டைபாய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

கன்று வீச்சுக்குப் பல காரணம் உண்டு. எலிக்காய்ச்சல் கிருமியும் அதில் ஒன்று. ஆனால் சினையின் கடைசி மூன்று மாதத்தில் வீசினால், சோதனை முடிவு வரும்வரை, மாட்டிலிருந்து மனிதருக்கும் தொற்றும் புரூசெல்லா கிருமி என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள்.

"அடுத்த ஈத்து நல்லாத்தானே போட்டுச்சு, நோய் இருந்தா எப்படிப் போடும்?" இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் சொல்வது! புரூசெல்லா தாக்கிய மாடு பெரும்பாலும் ஒரு தடவைதான் வீசும். அடுத்த சினையை நிறைமாதம் வரை சுமக்கும். அதனால் கிருமி போய்விட்டதாக அர்த்தமில்லை. மடியிலும் நிணநீர்க் கட்டிகளிலும் தங்கி, பாலிலும் ஈற்று நீரிலும் வந்துகொண்டே இருக்கும். பார்க்கக் கொழுகொழுவென்று நிற்கும் அந்த மாட்டைச் சந்தையில் விற்றால், நோய் அடுத்த ஊருக்குப் போகிறது.

நஞ்சுக்கொடியை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். நல்லதில் பொத்தான்கள் (சவ்வில் பொத்தான்போல ஒட்டியிருக்கும் சதைத்திட்டுகள்) கருஞ்சிவப்பாக இருக்கும். நோய்ப்பட்டதில் மஞ்சள் சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பு படிந்திருக்கும், இடையிலுள்ள சவ்வு தோல்போலத் தடித்திருக்கும். பார்க்கத்தான் சொன்னேன், தொட அல்ல.

கால்நடை உதவி எண் 1962க்கு அழையுங்கள், அல்லது அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். வீசிய கன்றையும் பொத்தானோடு ஒரு துண்டு நஞ்சுக்கொடியையும் இரட்டை பாலிதீன் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் மட்டும் ஊறவைத்து அனுப்பினால் கிருமி வளராது. கால்நடை மருத்துவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: கன்றின் இரைப்பை நீர்தான் சிறந்த மாதிரி. வீசிய அன்று எடுத்த இரத்தத்தில் எதிர்ப்பொருள் தெரியாமல் போகலாம், மூன்று வாரம் கழித்து மறுபடி எடுங்கள். நஞ்சுக்கொடியை எடுக்கத் தோள்வரை கையுறை இல்லாமல் கையை விடாதீர்கள், தயவுசெய்து.

மீதியை நான்கு அடிக் குழியில், சுண்ணாம்பு தூவி, கிணற்றுக்கு எட்டத்தில் புதையுங்கள். நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் இந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கொட்டகையில் சாணியை வழித்தெடுத்த பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றுங்கள், சாணிமேல் ஊற்றினால் வீண். கருப்பைக் கசிவு நிற்கும்வரை மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பாலைப் பொங்கக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள், குழந்தைக்குக் கறந்த சூட்டில் கொடுப்பதையும் நிறுத்துங்கள்.

விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, இடுப்பு வலி, ஆண்களுக்கு விதைவீக்கம் இருந்தால் மருத்துவரிடம் முதல் வரியிலேயே "வீட்டில் மாடு கன்று வீசியது" என்று சொல்லுங்கள். ஜிப்மரானாலும் தெருமுனை கிளினிக்கானாலும் அந்த வரி இல்லாமல் புரூசெல்லா சோதனை எழுதத் தோன்றாது. மருந்து வழக்கமாக ஆறு வாரம். காய்ச்சல் விட்டது என்று பத்தாம் நாள் நிறுத்தினால் திரும்ப வரும்.

கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் ஒரே ஒரு முறை புரூசெல்லா தடுப்பூசி. காளைக்கன்றுக்கும் சினைமாட்டுக்கும் கூடாது. அது உயிருள்ள கிருமி, போடுபவர் விரலில் ஊசி குத்தினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.