பட்டன் இருந்தால் மட்டும் போதாது

கும்பகோணத்தில் டயர் கடையும் வீல் அலைன்மென்ட்டும் வைத்திருக்கிறேன். இந்தக் கோடையிலும் டயர் வெடித்த கார்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கடைசியாக வந்தது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் வீட்டுக் கார். வருஷத்தில் பாதி நாள் போர்ட்டிகோவில்தான் நிற்கும். வேளாங்கண்ணி போய்த் திரும்பும் வழியில் பின் டயர் கிழிந்திருக்கிறது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. "பட்டன் புதுசு மாதிரி இருக்கே, எப்படிங்க வெடிக்கும்?" என்று கேட்டார்கள். பட்டன் என்பது சாலையில் படும் டயர் மேற்பரப்பின் கட்டையும் பள்ளமும். டயரின் பக்கவாட்டில் 1115 என்று இருந்தது. 2015-ஆம் வருஷத்தின் 11-ஆவது வாரம் தயாரான டயர்.

அம்பாசடரும் பியட்டும் ஓடிய காலத்தில் நைலான் டயர், உள்ளே டியூப். சீக்கிரம் தேயும். ரப்பர் கிழடு தட்டும் முன்பே டயர் மொட்டையாகிவிடும். அதனால் பட்டனைப் பார்த்து மாற்றினார்கள்; அன்றைக்கு அது சரிதான். இப்போது வருவது ஸ்டீல் பெல்ட் வைத்த ரேடியல். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும். குறைவாக ஓடும் காரில் பட்டன் தேய்வதற்குள் ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டுவிடுகிறது. ஓடாத வண்டி டயருக்கும் வயசாகும்.

டியூப்லெஸ்ஸும் நல்ல முன்னேற்றம்தான். முன்பெல்லாம் ஆணி ஏறினால் டியூப் பொசுக்கென்று இறங்கும், வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். இப்போது ஆணியோடு நாள்கணக்கில் ஓடலாம், காற்று மெதுவாக இறங்கும். ரேடியல் டயரின் பக்கம் இயல்பாகவே கொஞ்சம் பிதுங்கித் தெரிவதால், பார்த்தோ காலால் உதைத்தோ கண்டுபிடிக்க முடியாது. இப்படிக் காற்றில்லாமல் ஓடிய டயரை ரிம்மிலிருந்து கழற்றினால் உள்ளேயிருந்து கறுப்பு ரப்பர் தூள் கொட்டும். அதைப் பார்த்தால் நான் பஞ்சர் ஒட்ட மாட்டேன். கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகாதீர்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது ஒரு பேச்சைக் கேட்டால்தான்: "வெயில் காலம், காத்தைக் குறைச்சு வைங்க, வெடிக்காது." தயவுசெய்து இதை விடுங்கள். காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கவாட்டு மடங்கி மடங்கி நிமிரும். கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் சுடுவதுபோலத்தான் இதுவும். சூடு ஏறியதும் ரப்பரும் உள்ளே இருக்கும் நூலும் தனித்தனியே பிரியும். வெடிப்பது அப்போதுதான். சூடான டயரில் காற்றழுத்தம் 33 psi இருக்க வேண்டிய இடத்தில் 37 காட்டும். அது இயல்பு, கம்பெனிக்காரன் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறான். அதைப் போய் 33-க்கு இறக்கினால், ஆறியபின் 29-தான் நிற்கும். மறுநாள் அதோடு நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். வாய்க்கால் ஓரச் சாலையில் வளைந்து வளைந்து ஐம்பதில் போனவரைக்கும் தப்பித்தோம். விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நாலுவழிச் சாலையில் நூறில் போகும்போது டயர் மன்னிக்காது.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் காற்றழுத்த அளவு போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அந்த அளவுதான் வேண்டும், காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது. ஐந்து வருஷம் தாண்டினால் வருஷம் ஒரு தடவை கழற்றிக் காட்டுங்கள். பத்து வருஷம் ஆனால் பேச்சே வேண்டாம், மாற்றுங்கள். புது டயர் வாங்கும்போதும் தேதியைக் கேளுங்கள், பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கவாட்டில் பஞ்சர் ஆனால் ஒட்டச் சொல்லாதீர்கள்.

சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். ஆனால் நம் ஐப்பசி அடைமழைக்கு அது காணாது. தேங்கிய தண்ணீரை டயரால் வெளியே தள்ள முடியாமல் வண்டி மிதக்கும், பக்கத்திலேயே ஆறோ வாய்க்காலோ இருக்கும். 3 மில்லிமீட்டர் வந்ததுமே மாற்றிவிடுங்கள்.

நாலும் ஒரே நேரத்தில் வாங்கக் கையில் பணமில்லை என்றால் இரண்டு வாங்குங்கள், தப்பில்லை. புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்னால்தான் போட வேண்டும் என்று பலர் சண்டை போடுகிறார்கள். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி அப்படியே சுற்றிவிடும், ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்க முடியாது.