தளவாய்: தளபதியா, திவானா?

திருவிதாங்கூர்ப் பின்னணியில் கதை எழுத நினைப்பவர்களுக்கு 1808-ம் ஆண்டின் மேல் ஒரு கண் உண்டு. அரசியல் திகில் கதைக்கு வேண்டியதெல்லாம் அதில் கிடக்கிறது. பதினாறு வயதில் பட்டத்துக்கு வந்த ராஜா, கப்பப் பாக்கிக்காக நெருக்கும் ரெசிடெண்ட் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதி), பட்டமும் நிலமும் உள்ள பெரிய வீட்டுப் பிள்ளைகள், அரண்மனைக்குள் ஆளுக்கொரு கணக்கு, சில வாரத்தில் மூளப்போகும் போர். நடுவில் நிற்பவர் வேலுத்தம்பி. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட சொல் தளவாய். தமிழில் எழுதும்போது சிலர் இதைத் 'தளபதி' ஆக்கிவிடுகிறார்கள். சிலர் 'பிரதமர்' என்கிறார்கள். 'திவான்' என்று போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மூன்றுமே முழுதாகப் பொருந்தவில்லை.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். தளம் + வாய். 'தளம்' என்றால் இன்று நமக்குத் தரை, மேடை, விமானத்தளம், இணையதளம். வில்வதளத்தில் இலை. ஆனால் இங்கே வரும் தளம் படை. வடமொழியின் 'தல' என்ற சொல்லுக்கு இதழ், பிளவு, பகுதி என்றெல்லாம் பொருள். பிற்கால வழக்கில் அது படைப்பிரிவையும் குறித்தது. தளபதி, தளகர்த்தர் எல்லாம் இதே வேரில் முளைத்தவை. 'வாய்' பகுதிக்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். ஒன்று, நம் வாயேதான்: முகப்பு, முன்வாசல் என்ற பொருளில் படையின் முன்னால் நிற்பவன். கன்னடத்தில் வாய்க்கு 'பாயி' என்பார்கள்; கூட்டுச்சொல்லில் அந்தப் பகரம் வகரமாகி 'தளவாயி' ஆவது அந்த மொழியில் இயல்பு. இன்னொன்று, 'வாஹி', அதாவது நடத்திச் செல்பவன் என்ற வடசொல் தேய்ந்தது என்பது. எதை எடுத்தாலும் படையை நடத்துபவன் என்ற பொருளுக்கே வந்து சேர்கிறோம். தெலுங்கிலும் கன்னடத்திலும் 'தளவாயி'. விஜயநகர ஆட்சியோடு தெற்கே இறங்கி, தமிழில் 'தளவாய்' ஆகி, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு மேற்கே மலையாளத்தில் கடைசி மெய்யை உதறிவிட்டுத் 'தளவா' ஆகியிருக்கிறது.

பிறப்பு படையில்தான். ஆனால் படையோடு நிற்கவில்லை என்பதுதான் இந்தச் சொல்லின் கதை.

மதுரை நாயக்கர் ஆட்சியில் தளவாய், பிரதானி, ராயசம் என்று மூன்று பெரிய பதவிகள். ராயசம் எழுத்து வேலை, பிரதானி வரவுசெலவு, தளவாய் படை. சொல்வதற்கு இப்படிச் சுத்தமாக இருக்கும். நடப்பில் தளவாயின் கை எல்லாவற்றிலும் இருந்தது. விசுவநாத நாயக்கரின் தளவாய் அரியநாத முதலியாரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரே பிரதானியாகவும் இருந்தார். பாளையங்களைப் பிரித்து அமைத்ததில் அவர் பங்கு பெரிது, மதுரைக் கோவிலின் ஆயிரங்கால் மண்டபமும் அவர் கட்டியது. இதையெல்லாம் செய்தவரைத் 'தளபதி' என்றால், நெல்லையில் இன்றும் தளவாய் முதலியார் என்ற பெயரைச் சுமக்கும் குடும்பத்துக்கே சிரிப்பு வரும். திருமலை நாயக்கரின் தளவாய் ராமப்பையன் ராமநாதபுரத்தின் மேல் படையெடுத்துப் போனபோது எதிரே நின்றவர் சடைக்கத் தேவர். அவருக்கும் பெயர் தளவாய் சேதுபதி! அந்தச் சண்டை அம்மானைப் பாட்டாகவே நிற்கிறது.

மைசூரில் கதை இன்னும் காரம். களலே குடும்பத்துத் தளவாய்கள் உடையார் ராஜாக்களைச் சிம்மாசனத்தில் அலங்காரமாக உட்கார வைத்துவிட்டு, ஆட்சியைத் தாங்களே நடத்தினார்கள். 1761-ல் ஹைதர் அலி மேலே வந்தபோது அவர் கைப்பற்றியது அரசனிடம் இருந்த அதிகாரத்தை அல்ல. தளவாய் வீட்டில் இருந்த அதிகாரத்தை.

திருவிதாங்கூருக்கு வருவோம். மார்த்தாண்ட வர்மா 1729-ல் பட்டத்துக்கு வந்தபோது நாட்டில் உண்மையான பிடி எட்டுவீட்டுப் பிள்ளைமார், மாடம்பிமார் என்ற பெருங்குடிகள் கையில் இருந்தது. அந்த வீடுகளை உடைத்துத்தான் அவர் அரசை நிலைநாட்டினார். உடைந்த அதிகாரம் வந்து குவிந்த இடம் தளவாயின் கச்சேரி, அதாவது அலுவலகம். 1737-ல் தளவாயான ராமய்யன், வள்ளியூர்ப் பக்கத்து ஏர்வாடியில் பிறந்த தமிழ் பிராமணர். படை நடத்தினார், மிளகு வாணிபத்தை அரசு கைக்குக் கொண்டுவந்தார், வரி போட்டார். 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களை மடக்கியது அவர் காலத்தில்தான். ஆக, திருவிதாங்கூரில் தளவாய் என்றால் வாளும் கணக்கும் ஒரே கையில்.

வேலுத்தம்பியின் சொந்த ஊர் தலக்குளம். இரணியலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடைப்பட்ட பகுதி; 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாடு. நாங்கள் நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் போய்வரும் ஊர்தான். முழுப்பெயர் வேலாயுதன் செண்பகராமன் தம்பி. இதில் செண்பகராமன் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை, அரசர் அவருடைய குடும்பத்துக்குத் தந்த பட்டம். 1799-ல் அரண்மனையில் ஜயந்தன் நம்பூதிரியும் அவர் கூட்டாளிகள் இருவரும் கஜானாவை நிரப்ப ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுப் பணம் வைக்கச் சொன்னார்கள். தம்பியிடமும் கேட்டார்கள். மூன்று நாள் தவணை வாங்கிக்கொண்டு நாஞ்சில் நாட்டுக்கு வந்தவர், பணத்துக்குப் பதில் ஆட்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்குப் போனார். நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். கூட்டாளிகள் இருவருக்கும் காது போயிற்று. 1802-ல் வேலுத்தம்பி தளவாய்.

கதை எழுதுகிறவர் கவனிக்க வேண்டிய இடம் அடுத்து வருகிறது. ரெசிடெண்ட் மெக்காலேவும் வேலுத்தம்பியும் முதலில் எதிரிகள் இல்லை. 1804-ல் படிக்காசைக் குறைத்ததற்காக நாயர் படை தளவாய்க்கு எதிராகக் கிளம்பியபோது, அதை அடக்கக் கம்பெனியின் துணை கிடைத்தது. அதற்கான விலை 1805 உடன்படிக்கை. ஆண்டுக் கப்பம் எட்டு லட்சம் ரூபாயாக ஏறியது. அதில் தளவாய்க்கும் பங்குண்டு. அப்புறம் பாக்கி சேர்ந்தது, ரெசிடெண்ட் கழுத்தைப் பிடித்தார், நட்பு முறிந்தது. தேசபக்தர் ஒருபக்கம், கொடியவர் மறுபக்கம் என்று வைத்து எழுதினால் இந்த முறிவின் ருசி போய்விடும்.

1808 டிசம்பர் 28 இரவு. கொச்சியில் போல்காட்டி மாளிகையில் மெக்காலே இருக்கிறார். கொச்சி ராஜ்யத்தில் பரம்பரை முதலமைச்சராக இருந்து வந்த பாலியத்தச்சன் வீட்டு ஆட்களும் திருவிதாங்கூர் ஆட்களும் சேர்ந்து மாளிகையைச் சுற்றி வளைக்கிறார்கள். மெக்காலே எப்படியோ தப்பிக் கப்பல் ஏறிவிடுகிறார். இரண்டு ராஜ்யம், இரண்டு பெருங்குடும்பம், ஒரே இரவு. அடுத்த மாதம் 11-ம் தேதி, கொல்லம் பக்கத்தில் குண்டறையிலிருந்து மக்களுக்கு வேலுத்தம்பியின் அழைப்பு. பிப்ரவரி 10-ல் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டைவரிசையை உடைத்து உள்ளே வந்தது. அது விழுந்தபின் உதயகிரி, பத்மநாபபுரம் எல்லாம் நிற்கவில்லை. பாலியத்தச்சனும் கம்பெனியோடு சமாதானமாகிவிட்டார். போகிற வழியில் கிளிமானூர் அரண்மனையில் வாளை ஒப்படைத்துவிட்டு, தளவாய் மண்ணடிக் கோவிலில் உயிரை விட்டார். உடலைத் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். தலக்குளத்து வீடு இடிபட்டது, உறவினர் நாடு கடத்தப்பட்டார்கள்.

(கேரளத் தலைமைச் செயலகத்தின் முன்னால் அவருக்குச் சிலை நிற்கிறது. வைக்கத்தில் 'தளவாக்குளம்' என்றொரு பெயரும் நிற்கிறது. கோவில் தெருவில் நடக்கத் துணிந்த ஈழவ இளைஞர்களைக் கொன்று புதைத்த இடம் என்று தலைமுறையாகச் சொல்கிறார்கள். பதவிப் பெயர் ஊர்ப்பெயரில் தங்கும்போது இரண்டு விதமாகவும் தங்குகிறது.)

அவருக்குப்பின் தளவாயான உம்மிணித்தம்பி 1811-ல் பதவி இழந்தார். கம்பெனி ரெசிடெண்ட் மன்றோவே நிர்வாகத்தையும் ஏற்றார், ஆனால் தளவாயாக இல்லை, திவானாக. வேலுத்தம்பிக்கு முன் நிர்வாகத்தை நடத்திய ராஜா கேசவதாஸ் காலத்திலேயே திவான் என்ற பெயர் வந்து போயிருந்தாலும், நிலைத்தது இப்போதுதான். 'திவான்' பாரசீகச் சொல். ஏடு, கணக்குப் பதிவேடு, அதை வைத்திருக்கும் அலுவலகம் என்று பொருள் விரியும். படையைக் கம்பெனி பிடுங்கிக்கொண்ட பிறகு, மிச்சம் இருந்தது ஏடுதானே. எனவே 1809-க்கு முந்தைய வேலுத்தம்பியைத் 'திவான்' என்று எழுதுவது வெறும் பெயர்க் குழப்பமில்லை, அவர் இடுப்பிலிருந்து வாளை முன்கூட்டியே அவிழ்ப்பது.

சரி, தமிழில் என்ன சொல்வது? படை என்ற பொருளுக்கு மட்டும் என்றால் நம்மிடம் பஞ்சமே இல்லை. சங்க காலத்தில் 'ஏனாதி' ஒரு பட்டம். அதற்கென்று மோதிரமே உண்டு. குறளில் 'தானை தலைமக்கள் இல்வழி இல்' என்று வரும் தலைமக்களும் இவர்கள்தான். சோழர் கல்வெட்டுகளில் சேனாபதி, தண்டநாயகம், படைமுதலி. இன்றைக்கு எளிதாகப் படைத்தலைவர். ராமப்பையனைப் போர்க்களத்தில் காட்டும் பத்தியில் 'படைத்தலைவர்' தாராளமாகப் போதும். 'தளபதி' வேண்டாம், அது முழுக்க வடமொழிதான், தவிர இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் யார் முகம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

திருவிதாங்கூர்த் தளவாய்க்கு மட்டும் ஒற்றைச் சொல் சரியாக உட்காரவில்லை. 'பிரதமர்' நாடாளுமன்றத்தைக் கூட இழுத்து வருகிறது. 'முதலமைச்சர்' கோட்டையில் கையெழுத்துப் போடுபவரை நினைவூட்டுகிறது. 'பேரமைச்சர்' நல்ல தமிழ், நிர்வாகப் பக்கத்துக்குப் பொருந்தும். படைப் பக்கம் விடுபடும். என்னைக் கேட்டால், பதவிப் பெயராகத் தளவாயையே வைத்துக்கொண்டு, முதல்முறை வரும்போது 'படையும் கையிலிருந்த பேரமைச்சர்' என்று ஒரு விளக்கம் கொடுத்தால் முடிந்தது. நானூறு ஆண்டாக நம் நாக்கில் புழங்கும் சொல்லை அந்நியம் என்று தள்ள வேண்டியதில்லை. தென்மாவட்டங்களில் தளவாய் மாடசாமிக்குக் கோவில் இருக்கிறது, அந்தச் சாமி பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறார்கள், தளவாய்புரம் என்று ஊர் இருக்கிறது. திவான்தான் பாவம், 'பெரிய திவான்னு நெனப்பு' என்று ஏச்சில் மாட்டிக்கொண்டார்.

மலையாளத்திலிருந்து மொழிபெயர்ப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். 'வேலுத்தம்பி தளவா' என்று அப்படியே இறக்காமல் ய் சேர்த்துத் 'தளவாய்' என்றே எழுதலாம். எங்கள் பக்கத்தில் வழக்கும் அதுதான். குண்டறையிலிருந்து விடுத்த அந்த அழைப்பின் மலையாளப் பெயரான 'குண்டற விளம்பரம்' என்பதையும் அப்படியே இறக்கிவிடாதீர்கள். விளம்பு என்றால் சொல், அறிவி. மலையாளத்தில் அந்தப் பொருள் இங்கே உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டு வாசகரோ தளவாய் சோப்பு விற்றார் என்று நினைத்துக்கொள்வார். குண்டறைப் பிரகடனம், அல்லது குண்டறை அறிவிப்பு என்று எழுதுங்கள்.