சிறகின் மேல் நிற்கும் படகு

ஏதென்ஸ் சுற்றுலா போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஏஜினா தீவுக்கு ஒரு சின்னப் படகில் போனோம். துறைமுகத்துக்குள் மற்ற படகுகளைப் போலத்தான் ஊர்ந்தது. வெளியே வந்ததும் எழுந்து நின்றுகொண்டு ஓட ஆரம்பித்துவிட்டது! ஜன்னலில் பார்த்தால் தண்ணீர் கீழே போய்விட்டிருந்தது. ஆட்டமும் அவ்வளவாக இல்லை. அது எப்படி?"

அவர் ஏறியது ஹைட்ரோஃபாயில்: வயிற்றுக்கு அடியில், நீருக்குள் சிறகு பொருத்திய படகு. கிரேக்கர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் 'பறக்கும் டால்பின்'. பிரேயஸிலிருந்து ஏஜினா ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கார்களையும் லாரிகளையும் ஏற்றிக்கொண்டு போகும் பெரிய பெர்ரிக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும்; இது 40 நிமிடத்தில் போய்விடும். 1970களிலிருந்து அங்கே ஓடும் இந்தப் படகுகளில் பெரும்பாலானவை 'கொமெட்டா' வகை, சோவியத் காலத்தில் கருங்கடல் கரையில் கட்டியவை. நீளம் 35 மீட்டர், எடை சுமார் 60 டன், நூறு பேருக்கு மேல் உட்காரலாம்.

முதலில், எதற்காக எழ வேண்டும்? படகு ஓடும்போது தண்ணீரைத் தள்ளி அலை உண்டாக்குகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். அலையின் நீளமும் படகின் நீளமும் சமமாகும் இடத்தில்தான் வம்பு ஆரம்பம்: அணியம் (படகின் முன்முனை) ஓர் அலை முகட்டில், அமரம் (பின்முனை) அடுத்த முகட்டில். அதற்கு மேல் வேகம் எடுத்தால் அமரம் பள்ளத்தில் இறங்கிவிடும். தானே எழுப்பிய அலை மேல் ஏற முடியாமல் படகு திணறும். 35 மீட்டர் படகுக்கு இந்த எல்லை மணிக்குச் சுமார் 27 கிலோமீட்டர். கொமெட்டா போவதோ 60-ஐ ஒட்டி. உடலைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துவிட்டால் அலையும் இல்லை, உராய்வும் இல்லை. சிறகு மட்டும் நீருக்குள் இருந்தால் போதும்.

ஓடுகிற வாய்க்காலில் உள்ளங்கையை லேசாகச் சாய்த்துப் பிடித்தால் கை மேலே தூக்கப்படும் அல்லவா, சிறகு செய்வது அவ்வளவுதான். தண்ணீரைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. தண்ணீர் சிறகை மேலே தள்ளுகிறது. சிறகின் மேற்புறம் அழுத்தம் குறைகிறது, கீழ்ப்புறம் கூடுகிறது. சிறகின் மேலே போகும் துகளும் கீழே போகும் துகளும் பின்முனையில் ஒரே நேரத்தில் சந்தித்தாக வேண்டும், அதனால்தான் மேலே வேகம் அதிகம் என்று இன்னமும் சில புத்தகங்கள் எழுதுகின்றன. அப்படி எந்த ஒப்பந்தமும் துகள்களுக்கு இடையே இல்லை. உண்மையில் மேலே போவது முந்திக்கொண்டு போய்விடும். பூனை குறுக்கே போனால் ஆகாது என்பதைக் கேலி செய்கிற நாம், பாடநூல் வழியாக வருகிற மூடநம்பிக்கையை மட்டும் மனப்பாடம் செய்துகொள்கிறோம்.

கடல்நீர் காற்றைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் அடர்த்தி. அதனால் விமானத்துக்கு வேண்டிய அகன்ற இறக்கை இங்கே வேண்டாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் எஃகுச் சிறகே சில டன் எடையைத் தாங்கிவிடும்.

சரி, தூக்கியாயிற்று. அப்படியே நிற்க வேண்டுமே? வேகம் கொஞ்சம் கூடினால் தூக்குவிசை கூடும், படகு இன்னும் எழும், ஒரு கட்டத்தில் சிறகே வெளியே வந்து தடாலென்று விழும். குறைந்தால் மூழ்கும். விமானத்துக்கு நூறு மீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் கவலை இல்லை. இந்தப் படகுக்கோ ஏறினால் சிறகு நீர்ப்பரப்புக்கு வெளியே வந்துவிடும், இறங்கினால் வயிறு தண்ணீரில் இடிக்கும்; நடுவே ஒன்றிரண்டு மீட்டர்தான் இடம். மாலுமி நொடிக்கு நொடி கவனித்துத் திருத்துகிறாரா? இல்லை. கொமெட்டாவில் அந்த வேலைக்குக் கணினியும் கிடையாது. எனக்கு இந்தப் படகு பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான்.

முன்சிறகு அகன்ற 'வி' போல இரு பக்கமும் மேல்நோக்கி வளைந்து, நுனிகள் நீரைக் கிழித்து வெளியே நிற்கும். படகு ஒரு சாண் எழுந்தால் இரு பக்கமும் அந்த அளவுக்குச் சிறகு வெளியே வந்துவிடும். நனைந்த பரப்பு குறைந்தது, தூக்குவிசையும் குறைந்தது, படகு இறங்குகிறது. இறங்கினால் கூடுதல் சிறகு நனைகிறது, மறுபடி மேலே. இடது பக்கம் சாய்ந்தால் இடது சிறகு அதிகம் நனையும், அந்தப் பக்கம் தூக்கு கூடும், படகு நிமிரும். உயரத்தை அளப்பதும் திருத்துவதும் அந்த ஒரே எஃகுத் தகடு!

முழுக்க நீருக்குள் இருக்கும் தட்டையான சிறகுக்கும் இதே குணம் கொஞ்சம் உண்டு. சிறகின் மேற்புறம் அழுத்தம் குறைய, அதன் மேலே போதுமான தண்ணீர் இருக்க வேண்டும். நீர்ப்பரப்பை நெருங்கினால் மேலே இருப்பது மெல்லிய நீர்ப்படலம், அதற்கு மேல் காற்று. பரப்பு பள்ளமாகி விட்டுக்கொடுத்துவிடும்; தூக்கு குறையும். இதை நதிப் படகுகளுக்குப் பயன்படுத்தியவர் சோவியத் பொறியாளர் ரோஸ்திஸ்லாவ் அலெக்சேயெவ். 1941-இல் அவருடைய பட்டப்படிப்புத் திட்டமே ஹைட்ரோஃபாயில்தான். போர்க்காலத்தில் டாங்கி செய்துகொண்டிருந்த சோர்மோவோ ஆலையில் ஆய்வு செய்ய அவருக்கு இடம் கிடைத்தது. 'ராக்கெட்டா' என்ற பயணிகள் படகாக அது வோல்கா நதியில் ஓடியது 1957-இல். இடையில் பதினாறு ஆண்டுகள். மூன்று ஆண்டில் என்ன பலன் என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நிதிக் குழுவிடம் அவர் மாட்டியிருந்தால், வாசகர் ஒன்றேகால் மணி நேரம் எடுத்துத்தான் ஏஜினா போயிருப்பார்.

இந்த ஏற்பாட்டுக்குப் பலவீனங்களும் உண்டு. சிறகின் மேற்புறம் அழுத்தம் குறைவு, நுனியோ காற்றில். நுனி வழியாகக் காற்று சரசரவென்று கீழே இழுக்கப்பட்டுச் சிறகை மூடிவிட்டால் தூக்கு சட்டென்று போய்விடும். அதைத் தடுக்கச் சிறகின் குறுக்கே சிறு தடுப்புத் தகடுகளை வைப்பார்கள். துறையில் கட்டியிருக்கும்போது தண்ணீர் தெளிவாக இருந்தால் எட்டிப் பாருங்கள், சில படகுகளில் தெரியும்.

இன்னொன்று, படகு போகும் திசையிலேயே, அதைவிட மெதுவாக ஓடும் அலை. அலைக்குள் தண்ணீர் வட்டமாகச் சுழல்கிறது. படகு அலையைத் துரத்திக்கொண்டு அதன் பின்சரிவில் ஏறும்போது, அங்கே தண்ணீர் கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். சிறகு சந்திக்கும் கோணம் குறைந்து படகு தொப்பென்று உட்காரும். காற்று பலக்கும் நாளில் பெரிய பெர்ரி கிளம்பும்போதும் டால்பின்கள் துறையிலேயே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1970களில் போயிங் செய்த ஜெட்ஃபாயில் சிறகை முழுக்க நீருக்குள் வைத்து, உணரிகளும் கணினியும் கொண்டு மடிப்புகளை அசைத்தது. அலையில் சொகுசு, விலையும் பராமரிப்பும் அதற்கேற்ற மாதிரி.

அப்படியானால் எல்லாக் கப்பலையும் ஏன் தூக்கக் கூடாது? நீள அகல உயரம் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கினால் எடை எட்டு மடங்கு, சிறகின் பரப்போ நான்கு மடங்கு. அளவு பெருகப் பெருகச் சிறகு தோற்றுக்கொண்டே போகும். ஏஜினாவின் பிஸ்தா மூட்டைகளும் அவற்றை ஏற்றிய லாரிகளும் என்றைக்கும் பெரிய பெர்ரியில்தான். எடை குறைந்த சின்னப் படகுகளில் மட்டும் இந்த யோசனை புத்துயிர் பெற்றிருக்கிறது: கார்பன் இழை உடல், மின்கலம், நீருக்குள் முழுக்க மூழ்கிய சிறகு, கணினிக் கட்டுப்பாடு என்று 30 பேர் ஏறும் மின்படகு ஒன்று 2024-இல் ஸ்டாக்ஹோமில் பயணிகளை ஏற்ற ஆரம்பித்தது. மின்கலத்தில் ஓடும் படகுக்கு இழுவை குறைவது எரிபொருள் மிச்சம் என்பதோடு நிற்பதில்லை. அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் போக முடிவதே அதனால்தான்.