மந்திரவாதி ஏன் கடை போடுவதில்லை?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டினாற்போல் இருக்கிறது வேலந்தாவளம். அங்கே நண்பர்கள் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம். ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ நடித்து, குகைகளுக்குள் புகுந்து சாகசம் செய்கிற கற்பனை ஆட்டம் அது. எங்களில் ஒருவர் காய்கறி மண்டிக்காரர். ஆட்டம் பிடிபட்டதுமே அவர் கேட்டது இது: "ஏனுங்க, மந்திரக் கத்தி செய்யத் தெரிஞ்சவன் எதுக்கு உசுரைப் பணயம் வச்சுக் குகைக்குள்ள போறான்? ஊர்லயே ஒரு கடை போட்டு உக்காரலாமே?"

அருமையான கேள்வி. பதில் விதிப்புத்தகத்து விலைப்பட்டியலிலேயே இருக்கிறது.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் வெளியிட்ட இந்த ஆட்டம் பல பதிப்புகள் கண்டுவிட்டது. கணக்குப் பார்க்கத் தோதானது 2003-ல் வந்த 3.5 பதிப்பு. அதில் 10 செப்புக்காசு ஒரு வெள்ளிக்காசு, 10 வெள்ளிக்காசு ஒரு பொற்காசு. கூலியாளுக்கு நாளுக்கு ஒரு வெள்ளிக்காசு. மந்திர வாள்களில் ஆகக் கீழ்ப்படியில் இருக்கிற '+1' நீள்வாளின் விலை 2,315 பொற்காசு. ஒரு நாள்கூட லீவு போடாமல் 63 வருஷம் உழைத்தால் கூலியாள் அதை வாங்கலாம், சாப்பாட்டுக்கு எதுவும் செலவழிக்காமல் இருந்தால்.

செய்கிறவருக்கு ஆகும் செலவு? உயர்ரக வாள் ஒன்று 315, மந்திரம் ஏற்ற 1,000. இரண்டு நாள் வேலை. ஆக 1,315 போட்டு 2,315 எடுக்கலாம் போலத் தோன்றும். ஆனால் ஆட்டக்காரர் விற்கப் போனால் கடையில் பாதி விலைதான் கொடுப்பார்கள் என்பது விதி. கைக்கு வருவது சுமார் 1,157. ஒவ்வொரு வாளுக்கும் நஷ்டம்!

இது அநியாயம் என்று முதலில் எல்லோருக்கும் தோன்றும். மண்டிக்காரருக்குத் தோன்றவில்லை. வேலந்தாவளத்தில் தக்காளிப் பெட்டி காலையில் இறங்கினால் எடுக்க ஆள் இருக்கிறது. அதனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைக் குறுக்கிக்கொண்டு பிழைக்கலாம். ஆனால் ஆட்டத்தில் வரும் ஊருக்கு 2,315 பொற்காசு வைத்திருக்கிறவர் என்றைக்கு வருவார்? அதுவரை கடைக்காரரின் முதல் முடங்கிக் கிடக்கும், திருடனுக்குப் பயந்து காவலும் போட வேண்டும். அந்தக் காத்திருப்புக்கான கூலிதான் மீதிப் பாதி. விதியை எழுதியவர்கள் ஆட்டச் சமநிலைக்காகவே இதை வைத்தார்கள் என்றாலும், பொருளாதாரமாகவும் இது சரியாகவே நிற்கிறது.

இன்னொரு பூட்டும் உண்டு. அந்த வாளைச் செய்ய மந்திரவாதி 80 அனுபவப் புள்ளிகளையும் இழக்க வேண்டும். மந்திர வேலையின் அடிப்படை விலையில் 25-ல் ஒரு பங்கு அது. இந்தப் புள்ளிகளைச் சந்தையில் வாங்க முடியாது. ஆபத்தைச் சந்தித்துத்தான் சேர்க்க முடியும். ஆக, குகைதான் அவருடைய மூலப்பொருள் கிடைக்கிற சுரங்கம்.

சரி, புள்ளி இழக்காமல் நடத்தக்கூடிய வியாபாரம் எதுவுமே இல்லையா? இருக்கிறது: வெளிச்சம். அணையாத் தீப்பந்தம் 110 பொற்காசு. அதில் 50 மாணிக்கப் பொடிக்குப் போகும், ஏறக்குறைய 60 மந்திரம் போடுகிற கூலி. சில நொடி வேலைக்கு 600 நாள் கூலி! ஒரு மணி நேரம் எரியும் சாதாரணப் பந்தம் ஒரு செப்புக்காசு என்பதால், 110 பொற்காசுக்கு 11,000 மணி நேர வெளிச்சம் கிடைக்கும். இரவுக்கு நான்கு மணி நேரம் என்றால் ஏழரை வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும். குடிசைக்காரருக்குக் கட்டாது, சுரங்க முதலாளிக்கும் நகரசபைக்கும் கட்டும்.

ஆனால் அணையாத பொருளை ஒருவர் இரண்டாம் முறை வாங்க வர மாட்டார். தெரு முழுக்க விளக்கு வந்தபின் வியாபாரம் படுத்துவிடும். நீடித்து உழைக்கும் பொருளைத் தனியொருவராக விற்பவருக்கு அவருடைய நாளைய சரக்கே இன்றைய போட்டி என்று 1972-ல் பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் காட்டினார். விலை எப்படியும் இறங்கும் என்று தெரிந்தவர்கள் இன்றைக்கு வாங்காமல் காத்திருப்பார்கள். மந்திரவாதியாக இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

பின்னால் வந்த பதிப்புகள் புள்ளிப் பூட்டை எடுத்துவிட்டு வேறு பூட்டுப் போட்டன. 2008-ல் வந்த நான்காம் பதிப்பில் மந்திரப் பொருளை விற்றால் ஐந்தில் ஒரு பங்கு விலைதான். 2014-ன் ஐந்தாம் பதிப்பில் பூட்டு காலம்தான், எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஒருவர் ஒரு நாளில் 25 பொற்காசு அளவுக்குத்தான் வேலையை நகர்த்த முடியும். உச்ச வகைப் பொருளுக்குச் செலவு 5,00,000. அப்படியென்றால் 20,000 நாள், ஏறத்தாழ 55 வருஷம்! அதையும், அனுபவம் கூடக் கூட ஏறுகிற படிகளில் 17-ஆம் நிலையை எட்டியபின்தான் தொடங்க முடியும். மனிதருக்கு ஆயுள் போதாது. ஆட்டத்தில் வரும் எல்ஃப் என்ற கற்பனை இனத்தார் 750 வருஷம் வாழ்வார்கள், அவர்களுக்கு அது ஒரு நடுத்தர வேலை. அப்புறம் ஏன் அந்த உலகத்துப் பெரும் பொருள்களெல்லாம் எல்ஃபுகளின் கைவேலையாக இருக்காது?

பத்து மந்திரவாதிகள் சேர்ந்தால் ஐந்தரை வருஷத்தில் முடிக்கலாம், எல்லோரும் அதே 17-ஆம் நிலையில் இருந்தால். அத்தனை பேரை ஒரே இடத்தில் உட்கார வைக்கச் சங்கமும் வேண்டும், முன்பணம் போட ஆளும் வேண்டும். எங்கள் ஆட்டத்தில் ஒரு அரசன் ஒற்றை எல்ஃபிடமே வேலையைக் கொடுத்துவிட்டான். வாள் முடியும்போது அதை வாங்கிக்கொள்ளப் போவது அவன் பேரன்.