செங்காந்தளைத் தோண்டாமல் வளர்க்கலாம்

பிள்ளைகளை அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் அனுப்பிவைத்த தென்காசி, செங்கோட்டைப் பெற்றோர் சிலர், அங்கே போய் வந்த பிறகு எங்கள் நாற்றுப் பண்ணைக்கு வந்து டிரில்லியம் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். மூன்று இலைகளின் நடுவே மூன்று இதழ்களுடன் ஒற்றைப் பூவாக எழுந்து, வசந்த காலத்தில் காட்டுத் தரையையே வெள்ளையாக்கிவிடும் செடி அது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 1937இல் அதைத் தன் மலராக ஏற்றுக்கொண்டது. பனிக்காலக் குளிரில் மாதக்கணக்கில் உறங்கி எழுந்து பழகிய அந்தச் செடி நம் சமவெளியில் நிலைக்காது. தன் நாட்டிலேயே அது விதையிலிருந்து முளைத்துப் பூப்பதற்கு ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அவ்வளவு காலம் காத்திருந்து வளர்க்கப் பொறுமை இல்லாதவர்கள் காட்டில் பூத்து நிற்பதைத் தோண்டி எடுத்து விற்பதுதான் அங்கே நெடுங்காலமாக உள்ள சிக்கல். நம் நாட்டின் இமயமலைச் சரிவுகளில் நாக்சத்ரி என்ற பெயரில் வழங்கும் அதன் உறவுச் செடியும், மருந்துச் சந்தைக்காக மட்டுமீறித் தோண்டப்பட்டு அருகிவிட்டது.

நம் வீட்டு வேலியில் நிற்கும் செடிக்கும் இதே நிலை வந்துகொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன். டிரில்லியமும் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் லிலியேல்ஸ் என்ற ஒரே தாவர வரிசையைச் சேர்ந்தவை. இரண்டும் ஆண்டின் ஒரு பகுதியை மண்ணுக்கு அடியில் உறங்கிக் கழிப்பவை. இரண்டையும் அழகுக்காகவும் மருந்துக்காகவும் மனிதர்கள் தோண்டுகிறார்கள். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்று நம் பக்கத்தில் சொல்வதையே மலையாளிகள் மேந்தோன்னி என்கிறார்கள். எல்லைப்புறச் சந்தைகளில் இந்தப் பெயர்களில் எதைச் சொல்லி விற்றாலும் செடி ஒன்றுதான்.

காட்டுச் செங்காந்தளைப் பார்க்க அடர்ந்த சோலைக்குள் போக வேண்டியதில்லை. வெயில் விழும் காட்டோரங்களிலும், புதர்க்காட்டிலும், உண்ணிச்செடிக்கு இடையிலும், கிளுவை வேலிகளிலும் அது ஏறி நிற்கும். புளியரையிலிருந்து கோட்டைவாசல் வளைவுகளில் ஏறி ஆரியங்காவுக்கு இறங்கும் சாலையில், ஆனி மாதச் சாரல் தொடங்கிச் சில வாரங்களில் அதன் இளம்பச்சைத் தண்டுகள் தலைகாட்டும். ஒவ்வோர் இலையின் நுனியும் நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகி, அருகில் உள்ள கிளையைப் பிடித்துக்கொள்ளும்; பூ இல்லாத நாளில் செடியை அடையாளம் காண இதைவிடத் தெளிவான குறி இல்லை. மழையைப் பொறுத்து ஆடி முதல் கார்த்திகை வரை பூக்கும். விரியும்போது பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும் ஆறு இதழ்களும் நாள்தோறும் நிறம் ஏறிச் சில நாளில் முழுச் சிவப்பாகிவிடுவதால், ஒரே கொடியில் மூன்று நான்கு நிறங்களில் பூக்களைக் காணலாம். இதழ்கள் மேல்நோக்கி மடிந்திருக்க, ஆறு மகரந்தத் தாள்களும் பக்கவாட்டில் விரிந்து நிற்கும். சூல்தண்டோ அடியிலேயே செங்கோணமாக மடிந்து, மகரந்தப் பைகளை விட்டு விலகி வெளியே நீண்டிருக்கும். தன் மகரந்தம் தன் சூல்முடியிலேயே விழுந்துவிடாதபடி அமைந்த இந்த ஏற்பாட்டை ஒரு முறையாவது அருகில் குனிந்து பார்க்க வேண்டும். வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் வந்து போனால்தான் காட்டில் காய் பிடிக்கும்.

செங்காந்தள் விதையில் கோல்ச்சிசின் என்னும் மருந்துப்பொருள் இருப்பதால் மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் முதலிய பகுதிகளில் அது பணப்பயிராக விளைகிறது. விதை நல்ல விலைக்குப் போகும். ஆனால் நடவு விதையை அன்றிக் கிழங்கைக் கொண்டே நடக்கிறது. நடவுக் கிழங்குக்குத் தட்டுப்பாடு வரும் ஆண்டுகளில் தேடும் கைகள் காட்டுக்கும் வேலிக்கும் திரும்பிவிடுகின்றன. இதனுடன் ஒப்பிட்டால் தொட்டியில் வைக்க ஒன்றிரண்டு தோண்டிப் போகும் சுற்றுலாப் பயணியின் பங்கு சிறிது. என்றாலும் சாலையோரச் செடிகள் அவர்கள் கையில்தான் முதலில் போகின்றன. செந்துருணி, நெல்லை ஆகிய வனவிலங்குச் சரணாலயங்களுக்குள் எதைத் தோண்டினாலும் அது சட்டப்படி குற்றம் என்பதையும் அவர்கள் அறிந்திருப்பதில்லை.

"தம்பி, ரோட்டோரத்துல பூத்துக் கெடந்தத வேரோட பிடுங்கிட்டு வந்து வச்சேன், பத்து நாள்ல கருகிப்போச்சு" என்று வருத்தத்தோடு வந்து சொல்லும் அம்மாக்களுக்கு நான் எப்போதும் ஒரே விளக்கத்தைத்தான் தருகிறேன். கலப்பையைப் போல வளைந்த அந்தக் கிழங்கில், உருளைக்கிழங்குக்கு இருப்பது போன்ற பல கண்கள் கிடையாது. முனையில் இருக்கும் குருத்தில்தான் அடுத்த ஆண்டின் செடி முழுவதும் அடங்கியிருக்கிறது. கிழங்கு எளிதில் ஒடியும் தன்மையுடையது. கல் நிறைந்த மலையடி மண்ணில் கடப்பாரை போட்டு நெம்பும்போது முதலில் முறிவது அந்த முனைதான். முனை போன கிழங்கு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் முளைக்காது. மேலும், ஆண்டுதோறும் பழைய கிழங்கு தன் சத்தையெல்லாம் செடிக்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கிப்போக, அதே பருவத்தில் புதிய கிழங்கு உருவாகிறது. பூத்து நிற்கும்போது தோண்டினால் பழையது தீர்ந்திருக்கும், புதியது முற்றியிருக்காது. காட்டிலும் ஒன்று குறைந்து, வீட்டிலும் ஒன்றும் மிஞ்சாமல் போவது இப்படித்தான்.

ஆகவே வாங்கும் இடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கிழங்கு எங்கே விளைந்தது? தோட்டத்தில் விளைந்த கிழங்குகள் பெரும்பாலும் ஓரளவு ஒத்த பருமனோடும் காயமின்றியும் இருக்கும். முனையில் வெட்டுப்பட்டு, கோணல்மாணலாகக் கலந்து குவித்திருப்பதைக் கண்டால் ஐயப்படலாம். விற்பவர் சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள். ஐம்பது அறுபது கிராம் எடையும் சேதமில்லாத முனையும் உள்ள கிழங்கே முதல் ஆண்டில் நன்றாகப் பூக்கும்.

நடுவதற்கு வைகாசிக் கடைசியும் ஆனியும் ஏற்ற காலம். நீர் தேங்காத செம்மண்ணே போதும். களிமண்ணாக இருந்தால் மணலும் மக்கிய எருவும் தாராளமாகக் கலக்க வேண்டும். கிழங்கைப் படுக்கவைத்து ஆறு சென்டிமீட்டர் ஆழத்தில் மூடிவிட்டு, ஏறுவதற்கு அப்போதே பற்று கொடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் முளைத்த பிறகு குச்சி ஊன்றினால் குருத்தில் குத்திவிடக்கூடும். கம்பிப் பந்தலைவிடக் காய்ந்த விராலிக் கிளைகளையே நான் பரிந்துரைப்பேன். மெல்லிய பற்றுக்கம்பிகளுக்கு மெல்லிய சுள்ளிதான் பிடிக்க வாகானது. கறுப்பு உடலில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் கொண்ட புழுக்கள் இலையைத் தின்றால், கையுறை அணிந்து பொறுக்கி அகற்றினால் போதும். வீட்டுத் தோட்டத்தின் நான்கு கொடிகளுக்குப் பூச்சிமருந்து தேவையில்லை. காட்டில் இந்தப் புழுவைக் கண்டால் விட்டுவிடுங்கள், செங்காந்தளின் நஞ்சையும் செரித்து வாழக் கற்ற உயிர் அது.

கிழங்கு அதிகம் சாவது தை, மாசியில். காய் முற்றியபின் இலை மஞ்சளாகித் தண்டு காய்ந்து விழுவதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று எண்ணி நாள்தோறும் ஊற்றுகிறார்கள். உறங்கும் கிழங்கு ஈரத்தில் அழுகிவிடுகிறது. தண்டு காய்ந்ததும் நீரை அடியோடு நிறுத்துங்கள். தொட்டியாக இருந்தால் மழை படாத திண்ணையில் அடுத்த சாரல் வரை அப்படியே வைத்துவிடலாம்.

வீட்டில் ஒரே கொடி இருந்து பூச்சி வரத்தும் குறைவாக இருந்தால் காய் பிடிப்பது அரிது. காலை எட்டு மணிக்கு மேல், வேறொரு செடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையில் எடுத்து, வளைந்து நீளும் சூல்தண்டின் நுனியில் தடவிவிட வேண்டும்; விவசாயிகளும் இதைத்தான் செய்கிறார்கள். காய் வெடிக்கும்போது தெரியும் செம்மஞ்சள் விதைகளுக்கு உறக்க காலம் உண்டு. முளைப்பும் சீராக இருக்காது, சில வாரங்களில் ஒன்றும் சில மாதங்களில் இன்னொன்றுமாக வரும். பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். இருந்தாலும் விதையிட்டு வளர்ப்பதையே நான் எல்லாரிடமும் வலியுறுத்துகிறேன், காட்டின் கணக்கிலிருந்து ஒரு கிழங்கையும் கழிக்காமல் செடியைப் பெருக்க அதுவே வழி.

இந்தச் செடியை வீட்டில் வைக்கும் முன், அது முழுவதும் நஞ்சு என்பதை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். கிழங்கிலும் விதையிலும் நஞ்சு மிகுதி. வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணித் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். வேகவைத்தாலும் இந்த நஞ்சு போவதில்லை. தின்ற சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அவை சற்றுத் தணிந்தாலும் ஆபத்து நீங்கியதாக எண்ணக்கூடாது, ஏனெனில் அடுத்தடுத்த நாள்களில்தான் ரத்த அணுக்கள் குறைந்து, சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படும். பிழைத்தவர்களுக்குக்கூட இரண்டு வாரத்தில் தலைமுடி கொட்டுவதுண்டு. எளிதில் கிடைக்கும் முறிமருந்து ஒன்றும் இல்லாததால், அறிகுறிகளுக்காகக் காத்திராமல், எல்லையின் இரு பக்கத்திலும் இயங்கும் 108 ஆம்புலன்ஸை உடனே அழையுங்கள். தின்ற கிழங்கின் மிச்சத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். கிழங்கை ஒருபோதும் சமையலறையில் வைக்காதீர்கள். காய்கறிக் கூடையிலும் பெயரெழுதாத பையிலும் போட்டுவைக்காதீர்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இப்போதைக்கு வேண்டாம் என்று வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்புவதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

அந்த வீடுகளும் வேலியில் தானாக முளைப்பதைத் தெருவில் நின்று பார்க்கலாம். வேலிகள்தாம் குறைந்துகொண்டே வருகின்றன. கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடும்போது, அதன் அடியில் ஆண்டுக்கணக்கில் இருந்த கிழங்குகளும் மண்ணோடு லாரியில் போய்விடுகின்றன. உயிர்வேலியை வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பதெல்லாம், கவாத்தை ஆடியிலும் ஆவணியிலும் செய்யாமல் மாசிக்குத் தள்ளிவையுங்கள் என்பதுதான். அதற்குள் கொடி காய்ந்து, விதை உதிர்ந்து, கிழங்கு மண்ணுக்குள் முற்றியிருக்கும். மேலே எவ்வளவு வெட்டினாலும் அடுத்த சாரலில் அதே இடத்தில் முளைத்துவிடும்.