தொலைவிலிருந்து வேலை செய்பவருக்கு உங்கள் கடை தெரியாது

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சிறு வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது எனது தொழில். என்னிடம் வரும் உரிமையாளர்கள் பலர் இப்போது, பேஸ்புக் பக்கத்தைக் கவனிக்கவும், ஓடர்களைப் பதியவும், வட்ஸ்அப்பில் பதில் சொல்லவும், வேறு ஊரில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்யும் ஒருவரை அமர்த்தியிருக்கிறார்கள். சில மாதங்களில் ஒரே முறைப்பாடுதான் வருகிறது: "பிள்ளை கெட்டிக்காரி. ஆனால் சொன்னதை மட்டும்தான் செய்கிறா." அதைக் கேட்கும்போதெல்லாம், அவருக்குச் சொல்லப்படாமல் விடப்பட்டது எது என்றே நான் தேடத் தொடங்குகிறேன்.

மருதமுனையில் கைத்தறிச் சேலை விற்கும் ஒருவரின் கணக்கில், திரும்பி வரும் பொதிகளுக்கான கூரியர் செலவு மாதாமாதம் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறை நூலுக்குச் சாயமிடும்போதும் நிறம் சற்று மாறக்கூடும் என்பதும், படத்தில் உள்ள நிறம் கையிருப்பில் இல்லையென்றால் புதிய படத்தை அனுப்பி வாடிக்கையாளரின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்பதும் கடையில் நிற்கும் பையனுக்குப் பார்த்துப் பழகிய விடயங்கள். வவுனியாவிலிருந்து பதில் எழுதும் பெண்ணோ அந்தக் கடையைக் கண்டதே இல்லை. பழைய படத்தை வைத்தே ஓடரை உறுதிப்படுத்திக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் தொலைபேசியில் பேசி இரண்டு பக்கக் குறிப்பொன்றை எழுதினோம். எந்தக் கேள்விக்கு அவரே பதில் சொல்லலாம், எவ்வளவு வரை விலை குறைக்கலாம், எதைக் கேட்காமல் உறுதியளிக்கக் கூடாது, முதலாளி ஜும்ஆவுக்குப் போயிருக்கும் நேரத்தில் வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது என்பவையெல்லாம் அதில் இருந்தன. விலைக்கழிவுக்குத் தன்னிடமே நிலையான விதி எதுவும் இருக்கவில்லை என்பதை எழுதும்போதுதான் அந்த முதலாளி கண்டுகொண்டார். இத்தகைய குறிப்பை எழுதுவதன் பெரிய பயன் அதுவென்றே நான் நினைக்கிறேன்.

அடுத்தது கடவுச்சொல். பாசிக்குடாப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர், நல்ல பிள்ளை என்ற நம்பிக்கையில் தனது மின்னஞ்சல் கடவுச்சொல்லையே கொடுத்திருந்தார். அந்தப் பிள்ளை உண்மையிலேயே நல்லவர்தான். ஆனால் அதே மின்னஞ்சலுக்குத்தான் வங்கியின் அறிவித்தல்களும் வந்துகொண்டிருந்தன. நாளைக்குப் பணக்கணக்கு எங்கேனும் பிசகினால், குற்றமற்ற அவர் மீதுதான் முதற் சந்தேகம் விழும். பேஸ்புக் பக்கத்தில் உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்காமலே, பதிவிடவும் பதிலளிக்கவும் மட்டும் ஒருவருக்கு அனுமதி வழங்கலாம். வட்ஸ்அப் கணக்கொன்றை முதன்மைத் தொலைபேசிக்கு மேலதிகமாக 4 சாதனங்களில் இணைக்கலாம் என்பதால் வியாபாரத்துக்குத் தனி இலக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த இலக்கத்தை இணைத்தால் குடும்பப் பேச்சும் அவர் கண்ணில் படும். வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. இலக்கத்தை எவருக்கும் வாசித்துக் காட்டாதீர்கள். கொடுப்பனவுப் பட்டியலை அவர் தயாரிக்கட்டும். பணத்தை நீங்களே அனுப்புங்கள்.

சம்பள விடயத்தில் நான் சற்றுக் கண்டிப்பாகவே பேசுவதுண்டு. மாதச் சம்பளத்துக்கு, நீங்கள் சொல்லும் நேரத்தில், உங்கள் பணிப்பின்படி வேலை செய்பவர் வீட்டில் இருப்பதாலேயே ஊழியர் அல்லாதவராகிவிட மாட்டார். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் அவரிடமிருந்து 8 வீதம், உங்களிடமிருந்து 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு உங்களிடமிருந்து மேலும் 3 வீதம் என்பதை, ஆளை எடுக்கும் முன்பே கணக்கிற் சேர்த்துப் பாருங்கள்.

மார்கழி மழையில் மின்சாரமும் சிக்னலும் போகும் நாட்களுக்கு, எத்தனை மணி நேரம் தொடர்பில்லாவிட்டால் யார் யாரை அழைப்பது என்று முன்னரே பேசி வையுங்கள். அவர் வேலையை விட்டு விலகும் நாளில், கடைசிச் சம்பளத்தை முழுமையாகச் செலுத்துவதையும், வட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் திறந்து அவருடையதை நீக்குவதையும் அன்றைக்கே செய்துவிடுங்கள்.