பிரண்டைத் துவையலும் விரல் பரிசோதனையும்

போன ஆடியில் மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் என் கிளினிக்குக்கு வந்தார். ஏழு மாதமாக மலத்தோடு ரத்தம். "மூலம்தான் சார், சூட்டு உடம்பு" என்று அவரே முடிவு சொல்லிவிட்டார். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டியாயிற்று. கருணைக்கிழங்கு லேகியம் இரண்டு டப்பா காலி. வாரத்தில் மூன்று நாள் பிரண்டைத் துவையல். துவையலை நான் குறை சொல்ல மாட்டேன். நாக்கு அரிக்காமல் புளி சேர்த்து அரைத்தால் எனக்கும் பிடிக்கும்.

ஆனால் பிரண்டையைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். தாய்லாந்திலும் அது மூலத்துக்கான நாட்டு மருந்து. அங்கே மூலம் திடீரென்று கடுத்து வந்த 570 பேருக்கு, பிரண்டை, மூலத்துக்கு டாக்டர்கள் எழுதும் டாஃப்லான் மாத்திரை, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். 2010இல் முடிவு வெளியானது: மூன்றுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. கடுத்த மூலம் பெரும்பாலும் சில நாளில் தானாக அடங்கிவிடும். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டோமோ அதற்குப் பெயர் போய்ச் சேரும். எங்கள் மாத்திரைகளிலும் சில இப்படிப் பெயர் வாங்கியவைதான்.

நல்ல சாட்சி இருப்பது இசப்கோல் உமி போன்ற நார்ச்சத்துக்கு. 378 பேரைக் கொண்ட 7 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ரத்தம் போவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. உமி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மலம் இளகும், முக்க வேண்டியிருக்காது. கலக்கியவுடனே குடித்துவிட்டு, மேலே இன்னொரு தம்ளர் தண்ணீரும் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். கீரையும் கிழங்கும் ஓரளவு உதவுவது இந்த வழியில்தான் என்பது என் எண்ணம்.

சரி, அண்ணாச்சிக்கு வருவோம். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், ரத்தமில்லாமல் வெளுத்துக் கிடந்தது. "விரல் விட்டுப் பார்க்கணும் அண்ணாச்சி" என்றதும் எழுந்துவிட்டார். சம்மதிக்க வைக்கப் பத்து நிமிடம் ஆனது. உள்மூலம் மெத்தென்று இருக்கும், விரலுக்குச் சாதாரணமாகத் தட்டுப்படாது. எனக்குத் தட்டுப்பட்டது கல் மாதிரி ஒரு விளிம்பு. சதையெடுத்துச் சோதித்ததில் மலக்குடல் புற்று என்று வந்தது.

ஏழு மாதத்தில் ஒருவரும் அந்த இடத்தைப் பார்க்கவில்லை. நாற்பதைத் தாண்டி முதல்முறை ரத்தம் போனால், மலம் போகும் பழக்கம் மாறினால், எடை இறங்கினால், சளி கலந்து போனால், லேகியத்துக்கு முன்னால் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. பெண் டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்றால் அதையும் கேளுங்கள், தப்பில்லை.